அம்மாவிடம் சொல்லும் காட்சி இல்லாமல் கதை நிற்குமா?

பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் வகுப்புத் தோழனைக் காதலிப்பதாக ஒரு குறும்படக் கதை எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த நண்பர், "அவன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் காட்சிதான் க்ளைமாக்ஸ், அது இல்லாவிட்டால் கதையே இல்லை" என்கிறார். உங்களுக்கு அந்தக் காட்சியை எழுத வரவில்லை. எழுதினாலும் எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது. இந்த வகைப் படங்களுக்கு அது கட்டாயமா என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தபின், நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று எனக்குப் பட்டது. நீங்கள் எழுதுவது ஒரு காதலின் கதையா, ஓர் அறிவிப்பின் கதையா? இரண்டும் ஒரே படத்தில் இருக்கலாம். எது எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரியாதபோதுதான் பேனா நின்றுவிடுகிறது.

நான் பத்தொன்பது வருடமாகப் படத்தொகுப்பு செய்கிறேன். இடையில் சில வருடங்களாக மாணவர்களின் குறும்படங்களையும் அவர்களோடு உட்கார்ந்து வெட்டிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் பேசுகிறேன். தன்பாலீர்ப்புள்ளவராக வளர்வது என்ன என்பதை நான் வாழ்ந்து அறிந்தவன் இல்லை. எனவே திரையில் எது வேலை செய்கிறது என்பதில் என் வார்த்தையை நம்பலாம். வாழ்க்கையில் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை வாழ்ந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் நேரான பதில். கட்டாயம் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அப்படியானால் ஏன் எல்லோரும் கட்டாயம் என்று நினைக்கிறார்கள்? ஒரு காரணம் வரலாறு. ஹாலிவுட்டில் 1934 முதல் 1968 வரை ஹேஸ் விதிகள் என்ற தணிக்கை முறை இறுக்கமாக நடைமுறையில் இருந்தது. தன்பாலீர்ப்பைக் காட்டுவது மட்டுமல்ல, சாடையாக உணர்த்துவதும் அதில் தடை. 1961இல்தான் அந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஒரு சொல்லை இத்தனை வருடம் பூட்டி வைத்தால், பூட்டு திறந்தபின் அந்தச் சொல்லை உச்சரிப்பதே பெரிய சம்பவமாகிவிடும். கூடவே தண்டனையும் ஒட்டிக்கொண்டது. விட்டோ ரூஸ்ஸோவின் 'த செல்லுலாய்ட் கிளாசெட்' என்ற நூலில், படங்களில் இப்படிப்பட்ட பாத்திரங்கள் எப்படியெல்லாம் செத்துப்போகிறார்கள் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. சொல்வது, அதற்கு விலை கொடுப்பது என்ற அந்த இரண்டு படிக் கதையின் மிச்சம்தான் உங்கள் நண்பரின் க்ளைமாக்ஸ். அவரைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோரும் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம்.

இன்னொன்று அந்தச் சொல். 'கம்மிங் அவுட்' என்றால் மறைத்து வைத்ததை வீட்டுக்கும் உலகத்துக்கும் அறிவிப்பது என்றுதான் இன்று எடுத்துக்கொள்கிறோம். ஜார்ஜ் சான்சி என்ற வரலாற்றாசிரியர் 1994இல் வெளிவந்த 'கே நியூயார்க்' நூலில் வேறொரு பழைய பொருளைக் காட்டுகிறார். பணக்கார வீட்டுப் பெண்களை விருந்து வைத்துச் சமூகத்துக்கு அறிமுகம் செய்வார்களே, அந்தச் சடங்கின் பெயர்தான் இது. இரண்டாம் உலகப்போருக்கு முன் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் அதை இரவல் வாங்கி, தங்களைப் போன்றவர்களின் கூட்டத்துக்குள் முதல்முறை நுழைவதைச் சொல்லப் பயன்படுத்தினார்கள். அலமாரிக்குள் ஒளிந்திருந்து வெளியே வருவது என்ற படிமம் பிறகு வந்து சேர்ந்தது. எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. முதல் பொருளை வைத்துப் பார்த்தால், உங்கள் பையன் தன் தோழனின் பக்கத்தில் போய் உட்கார்ந்த அன்றே வெளியே வந்துவிட்டான். அம்மாவிடம் சொல்வது அதற்குப் பிறகு நடக்கிற பல காரியங்களில் ஒன்று.

நம் அக இலக்கியத்திலும் இதை யோசிக்க ஒரு கருவி இருக்கிறது. களவுக் காதலைப் பெரியவர்கள் அறியும் இடத்துக்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், அங்கிருந்து தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் போகும். காதலித்தவள் நேராக அம்மா முன்னால் நின்று வசனம் பேசுவது இல்லை. ஊர் தானாக அறிந்து பேசுவதற்கு வேறு பெயர்கள்: வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பேசினால் அலர். தானாகச் சொல்வதும் பிறர் அம்பலப்படுத்துவதும் வேறு வேறு என்பதை இத்தனை நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் பாருங்கள். 261 அடியும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான். மகளுக்கு என்ன நோயோ என்று செவிலித்தாய் குறி கேட்டும் தெய்வத்தை வேண்டியும் அலைகிறாள். தோழி வாய் திறக்கிறாள். தினைப்புனத்தில் கிளி ஓட்டியது, அருவியில் ஆடியது, பூப் பறித்தது, நாய்கள் சூழ அவன் வந்தது, யானை வந்தது, பயந்து நடுங்கிய இவர்களை அவன் காத்தது என்று நடந்ததையெல்லாம் சொல்கிறாள். "உன் மகள் இன்ன மாதிரி" என்ற விளக்கம் அதில் கிடையாது. அவன் யார், எப்படி வந்தான், அன்று என்ன பூ பூத்திருந்தது, இவைதான் இருக்கின்றன. அறிவிப்பே காதல் கதையாக இருக்கிறது. இன்றைய வெளிப்படுத்தும் காட்சிகளில் பெரும்பாலும் காணாமல் போவது இதுதான். பையன் தன்னைப் பற்றிப் பேசுகிறான், அந்த இன்னொருவன் காட்சியிலிருந்து விழுந்துவிடுகிறான். இந்த ஒப்பீட்டை ஓர் அளவுக்குமேல் இழுக்கக்கூடாது என்பதும் தெரியும். அங்கே சொல்லிவிட்டால் திருமணம் என்று ஒரு வழி திறக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழி பெரும்பாலும் இருந்ததில்லை. அதனால்தான் "யாரை?" என்று கேட்கவேண்டிய இடத்தில் "நீ என்ன?" என்ற கேள்வி வந்து நிற்கிறது.

1931இல் வந்த ஜெர்மன் படம் 'மெட்ஷன் இன் யூனிஃபார்ம்', லியோன்டீன் ஸாகன் இயக்கியது, நடித்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். விடுதிப் பள்ளி மாணவி மானுவேலா, நாடகம் முடிந்த இரவில் பானத்தின் மயக்கத்தில் எல்லோர் முன்னாலும் தன் ஆசிரியை மீதுள்ள காதலைச் சொல்லிவிடுகிறாள். அவள் பேச்சு ஒரு சட்டையைப் பற்றியது. தன் துணி கிழிந்திருப்பதைப் பார்த்து ஆசிரியை தன்னுடையதைக் கொடுத்தார், அதைத்தான் இப்போது போட்டிருக்கிறேன் என்கிறாள். குறிஞ்சிப்பாட்டுத் தோழி செய்த அதே காரியம், ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு கதையைச் சொல்வது. தொண்ணூறு வருடம் கழிந்தும் அந்தக் காட்சி பழசாகாததற்கு அந்தச் சட்டை ஒரு காரணம்.

அறிவிப்பை நடுவில் வைத்து ஓடிய படம் என்றால் 2018இல் வந்த 'லவ், சைமன்'. பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்று பதின்பருவத் தன்பாலீர்ப்புக் காதலை மையமாக வைத்து எடுத்த முதல் படம் என்று அதைச் சொல்வார்கள். அதில் நடப்பது அலர். சக மாணவன் ஒருவன் சைமனைப் பற்றி இணையத்தில் எழுதிவிடுகிறான், சொல்லும் உரிமை சைமனிடமிருந்து பறிபோகிறது. அந்தக் கோபம் சரியாக வந்திருக்கிறது. இனி நீ மூச்சுவிடலாம் என்கிற பொருளில் அம்மா பேசும் இடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் காதலன் யாரென்று கடைசிவரை சைமனுக்கே தெரியாது, மின்னஞ்சல்கள் மட்டும்தான். அதனால் காதல் பாதி மெலிந்து, அறிவிப்புப் பாதி பருத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அந்தப் படத்தைப் பார்த்து முதல்முறை நிம்மதியாக அழுத பிள்ளைகள் இருப்பார்கள் என்பதையும் மறக்கவில்லை.

நேர் எதிராக, டீ ரீஸ் 2011இல் எடுத்த படம். அதன் தலைப்பு நம் மொழியிலிருந்து போய் ஆங்கிலத்தில் இழிசொல்லாக மாறிய ஒரு சாதிப்பெயர், அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ப்ரூக்ளினில் வாழும் பதினேழு வயது அலீக்கே, வீடு திரும்பும் பேருந்திலேயே உடையை மாற்றி அம்மாவுக்குப் பிடித்த பெண்ணாகிக்கொள்வாள். அவள் வீட்டில் உண்மையைச் சொல்லும் காட்சி இருக்கிறது, பயங்கரமான காட்சி. ஆனால் அது வருவதற்கு முன்பே அவள் காதல் உடைந்துவிட்டது. நேசித்த பெண் அவளைக் கைவிட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. பெற்றோர் சண்டையில் எதற்காக அவள் அடி வாங்குகிறாளோ அந்தக் காதல் ஏற்கெனவே முடிந்துபோனது, அது அவர்களுக்குத் தெரியாது. ஆறுதல் தேவைப்படும் நேரத்தில் விசாரணை நடக்கிறது. இரண்டு கதைகளின் கடிகாரங்களும் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய படத்தை நான் பார்க்கவில்லை.

வார்த்தையே இல்லாமல் சொல்லலாமா என்று கேட்டால், நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவது டேனியல் ரிபெய்ரோவின் பிரேசில் படம், ஆங்கிலத்தில் 'த வே ஹி லுக்ஸ்', 2014. லியோனார்டோ பிறவியிலேயே பார்வையற்றவன். நடக்கும்போது பக்கத்தில் வருபவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்வான். படம் முழுக்க இதைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிடும், அது வெறும் வழித்துணை. தான் கேப்ரியலைக் காதலிப்பதை அவன் வாய்விட்டுச் சொல்வது சிறுவயதுத் தோழி ஜியோவானாவிடம். அவள் முதலில் அதிர்ந்து, பிறகு அவன் பக்கம் நிற்கிறாள். கடைசியில் பள்ளிக்கு வெளியே வகுப்பு மாணவர்கள் கிண்டல் செய்கிறார்கள். லியோனார்டோவின் கை கேப்ரியலின் முழங்கையில் இருந்து மெல்ல இறங்கி அவன் கையைப் பிடிக்கிறது. ஒரு சாண் தூரம்கூட இருக்காது. கிண்டல் அடங்கிவிடுகிறது. யாரும் எதையும் அறிவிக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த இறங்கும் கைக்கு அர்த்தம் வர, அதற்கு முன்னால் எத்தனை முறை முழங்கையைக் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காட்சியின் பலம் காட்சிக்கு உள்ளே இருப்பதில்லை, முன்னால் போட்டு வைத்த இடங்களில் இருக்கிறது.

ஆந்த்ரே டெஷினேவின் 'வைல்ட் ரீட்ஸ்' 1994இல் வந்தது. கதை நடப்பது 1962இல், அல்ஜீரியப் போர் முடியும் நேரத்துப் பிரான்சில். ஃபிரான்சுவா என்ற மாணவன் கண்ணாடி முன்னால் நின்று, ஊர் ஏளனமாகச் சொல்லும் சொல்லைத் தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறான். முதல் கேட்பவர் கண்ணாடியில் இருக்கும் அவன்தான். இதைவிட என்னை உலுக்கியது இன்னொரு காட்சி. ஊரில் அப்படிப்பட்டவர் என்று அறியப்பட்ட ஒரு நடுவயதுச் செருப்புக் கடைக்காரரிடம் போய், இதோடு எப்படி வாழ்வது என்று கேட்கிறான். அவரிடம் கொடுக்கப் பதில் எதுவும் இல்லை. கடைக்குள் நின்று தடுமாறுகிறார். அம்மாவின் அழுகையோ அப்பாவின் அடியோ இல்லை, ஆனால் அந்தப் பையனின் தனிமை முழுதாக நமக்கு வந்து சேர்கிறது.

'மூன்லைட்' பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பேரி ஜென்கின்ஸ் 2016இல் எடுத்த அந்தப் படத்தில் ஷிரோன் என்ற பையனின் மூன்று வயதுகளை மூன்று பேர் நடித்தார்கள், படப்பிடிப்பின்போது ஒருவரை ஒருவர் சந்திக்கவிடவில்லை. ஷிரோன் யாரிடமும் அறிவிப்பதே இல்லை. சிறுவனாக இருக்கும்போது, தான் அப்படிப்பட்டவனா என்று எப்படித் தெரியும் எனக் கேட்கிறான், இப்போதே உனக்குத் தெரிந்தாக வேண்டியதில்லை என்று பதில் கிடைக்கிறது. படத்தின் மீதி முழுவதும் அந்தப் பதிலின் நிழலில் நடக்கிறது. 'கால் மீ பை யுவர் நேம்' (2017) காட்சியையே திருப்பிப் போடுகிறது: அப்பா பேசுகிறார், மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு 17 வயது, அவன் காதலிப்பவருக்கு 24 என்ற வயது வித்தியாசத்தைப் பலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு, பதின்பருவக் கதை எழுதும் நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் இருவரும் ஒரே வகுப்பு என்பது நல்ல முடிவு.

லூகாஸ் மூடிசனின் 'ஷோ மீ லவ்' (1998) ஸ்வீடன் படம். பள்ளிக் கழிவறையில் ஆக்னஸும் எலினும் உள்ளே பூட்டிக்கொண்டு பேசுகிறார்கள். உள்ளே எலின் ஒரு பையனோடு இருக்கிறாள் என்று நினைத்து வெளியே கூட்டம் கதவைத் தட்டுகிறது. கதவைத் திறந்து இருவரும் ஒன்றாக வெளியே வருகிறார்கள். வேறொருவர் என்றால் அங்கேயே படத்தை முடித்திருப்பார். மூடிசன் இன்னும் ஒரு காட்சி வைத்திருக்கிறார். எலினின் அறை. சாக்லேட் பால் கலக்குகிறார்கள். தூள் அதிகமாகிவிடும், அதைச் சரிக்கட்டப் பால் ஊற்ற வேண்டியிருக்கும் என்று எலின் சளசளவென்று பேசுகிறாள். அவ்வளவுதான் கடைசிக் காட்சி. கதவு திறந்தது எதற்காக என்பது அந்தப் பால் டம்ளரில் இருக்கிறது. உலகம் பார்த்தாகிவிட்டது, இனி அவர்கள் சும்மா உட்கார்ந்து பேசலாம்.

என் மேசையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். ஒரு மாணவரின் குறும்படம், உங்கள் கதை மாதிரியேதான். மகன் அம்மாவிடம் சொல்லும் காட்சி நாலு நிமிடம். அம்மா துணி மடித்துக்கொண்டிருப்பார், மகன் நீளமாகப் பேசுவான், அம்மா அழுவார், அப்புறம் அணைப்பார். எங்கே வெட்டினாலும் பொய்யாகவே இருந்தது. பிறகு சரியாக வரவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த என்.ஜி. டேக்குகளைப் பார்த்தோம். ஒன்றில் பையன் தோழனின் பெயரைச் சொன்னதும் அடுத்த வசனத்தை மறந்து நின்றுவிட்டான். அம்மாவாக நடித்தவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார், ஓட்டை மாறிவிட்டது. கழற்றினார், திரும்பவும் மாறிப் போட்டார். நிமிராமலே, "அவன் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார். திரைக்கதையில் அந்த வசனம் கிடையாது, மௌனத்தை நிரப்ப அவருக்கு வாயில் வந்தது அது. பதினொரு வினாடி. நாலு நிமிடத்தையும் எடுத்துவிட்டு அதை வைத்தோம். திரையிட்டபோது அரங்கம் அப்படியே அமைதியானது அந்த இடத்தில்தான். அந்த அம்மா "நீ என்ன?" என்று கேட்கவில்லை, அவனைப் பற்றிக் கேட்டார். தொழில் முறையில் ஒன்றையும் அன்றைக்கு உறுதி செய்துகொண்டேன்: இந்தக் காட்சியில் கேமரா கேட்பவரின் மீது இருக்கட்டும். சொல்பவருக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். புதிதாக ஏதாவது நடப்பது கேட்பவரின் கையிலும் முகத்திலும்தான்.

இனி எனக்குத் தெளிவில்லாத இடங்கள். அறிவிப்பே இல்லாத படங்கள் எல்லாம் முதிர்ச்சியின் அடையாளமா, அல்லது சில சமயம் தயக்கத்துக்குப் போட்ட அழகான முகமூடியா? இரண்டையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லைத் திரையில் ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்டதே எனக்குப் போதுமானதாக இருந்தது என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். அவள் முன்னால் என் நுட்பமெல்லாம் கொஞ்சம் சிறுத்துத்தான் போனது. அதேபோல் புரிந்துகொள்ளும் பெற்றோரைக் காட்டுவது நம்பிக்கை தருமா, நடக்காததைக் காட்டி ஏமாற்றுமா என்பதற்கும் பொதுப் பதில் கிடையாது, அந்த வீட்டைப் பொறுத்தது. லூகாஸ் டோண்டின் 'க்ளோஸ்' (2022) படத்தில் இரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களிடம் "நீங்கள் ஜோடியா?" என்று பள்ளியில் கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியில் நட்பு முறியத் தொடங்குகிறது. பெயர் வைப்பது சிலருக்கு மூச்சு, சிலருக்குச் சீக்கிரமே விழுந்த அடி. உங்கள் பையன் எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

ஒன்று மட்டும் உறுதி. நிஜத்தில் இது ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை. புதிய பள்ளி, புதிய வேலை, புதிய நண்பர் என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்வதா வேண்டாமா என்று திரும்பவும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். இருக்க இடம், படிப்புச் செலவு, உடம்புக்குப் பாதுகாப்பு என்று அதில் எத்தனையோ கணக்கு. உங்கள் படத்தைப் பார்க்கும் ஒரு பையன், வீட்டில் சொல்லிவிட்டால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி எழுந்து போய்விடக்கூடாது. அந்தக் கவலை உங்களுக்கும் இருந்தால் நல்லது.

உங்கள் கதைச் சுருக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தோழனின் மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்துவிட, இவன் தையல் நூலைச் சுற்றிக் கட்டிக்கொடுக்கிறான் என்று. அதை மூன்றாம் பக்கத்தோடு விட்டுவிட்டீர்கள். அந்த நூல் படம் முழுக்க அந்தக் கண்ணாடியில் இருக்கட்டும். வேறு புதுக் கண்ணாடி வாங்கித் தர வீட்டில் தயாராக இருந்தும் அவன் மாற்றாமல் இருக்கட்டும். அம்மா காட்சியை எழுதித்தான் ஆகவேண்டும் என்று தோன்றினால், அவன் வாயில் விளக்கம் எதையும் வைக்காதீர்கள். நூல் கண்டு எங்கே போச்சு என்று அம்மா தேடும்போது, "அவன் கண்ணாடி உடைஞ்சிருந்துச்சும்மா, நான்தான் கட்டிக்கொடுத்தேன்" என்று அவன் சொல்லட்டும். அப்புறம் அம்மாவின் மேல் கேமராவை வைத்துவிட்டு, கட் சொல்லாமல் கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள்.